பிரா பொருந்தவில்லை: தையலைப் பிரிப்பதா, வேறு அளவு வாங்குவதா?

பிரா சரியாக உட்காரவில்லை என்றால் அதைக் கொடுத்துவிட்டு வேறு அளவு வாங்கலாம். வெட்டாமல் தைக்காமல் ஏதேனும் ஒரு துணைப்பொருளை மாட்டிச் சமாளிக்கலாம். அல்லது தையலைப் பிரித்து வீட்டிலேயே திருத்தலாம். இம்மூன்றில் எது ஏற்றது என்பதை, நம்முடைய தையல் திறமையைவிட, குறை பிராவின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த எவரும் மார்புக்குக் கீழே உடலைச் சுற்றிவரும் பட்டியை ஓரிரு மணி நேரத்தில் இறுக்கிவிடலாம். ஆனால் சிறியதாகிவிட்ட கப்பைப் பெரிதாக்குவது, உள்ளாடை தைத்துப் பழகியவருக்கும் ஏறக்குறையப் புதிதாக ஒரு பிரா தைப்பதற்குச் சமமான வேலை. ஆகவே கப் சரியாக இருக்கும் பிராவை மட்டுமே திருத்துவதற்கு எடுக்க வேண்டும், கப் பிழையாக இருப்பதைக் கொடுத்துவிட்டு வேறு அளவு வாங்க வேண்டும் என்பது என் துணிபு. இதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு; அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன்.

அப்படியானால் குறை கப்பிலா பட்டியிலா என்று முதலில் அறிய வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான், ஏனெனில் ஒன்றின் குறை மற்றொன்றின் குறையைப்போல வேடம் காட்டும். கப் சிறியதாக இருந்தால் மார்பு அதற்குள் அடங்காமல் முழுப் பிராவையும் முன்னால் தள்ளும். உடுத்தியிருப்பவருக்கோ பட்டி இறுக்குவதாகத் தோன்றும். இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கப்புகள் முதுகுப்பக்கம் வரும்படி பிராவைத் திருப்பி, கொக்கியை முன்னால் மாட்டிப் பார்க்க வேண்டும். இப்போது கப்பில் எதுவும் நிரம்பவில்லை என்பதால் பட்டியின் இறுக்கம் மட்டுமே தெரியும். இந்நிலையில் வசதியாக இருக்கும் பட்டி, நேராக உடுத்தும்போது மட்டும் இறுக்கினால், குறை கப்பில் இருக்கிறது. திருப்பி மாட்டும்போதும் நழுவினால் பட்டி தளர்வு; அப்போதும் மூச்சை அழுத்தினால் பட்டி உண்மையிலேயே சிறியது.

கப்பின் மேல்விளிம்பில் தெரியும் இடைவெளியும் இப்படி ஏமாற்றக்கூடியதுதான். கப் பெரிதாக இருந்தாலும் இடைவெளி விழும். மார்பு கப்பின் அடிவரை இறங்க இடமில்லாமல் கப்பே உடலைவிட்டு விலகி நின்றாலும் விழும். முன்னால் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் தசையைக் கையால் உள்ளே கொண்டுவந்து கப்பில் அமர்த்திவிட்டுப் பார்த்தால் அந்த இடைவெளி பல சமயம் மறைந்துவிடும். சில சமயம் மார்பு விளிம்புக்கு மேலே பிதுங்கி, பெரிது என்று நினைத்த கப் சிறியது என்று தெரியவரும். கம்பி வைத்த பிராவில் இரு கப்புகளுக்கும் நடுவிலுள்ள இணைப்பு நெஞ்செலும்பின்மேல் படியாமல் எழும்பி நிற்பதும் பெரும்பாலும் கப் சிறியது என்பதற்கே அடையாளம். இவற்றில் எது தென்பட்டாலும் கத்தரிக்கோலைத் தொட வேண்டாம்.

அளவெண் பற்றிய ஒரு கணக்கும் இங்கே தேவைப்படுகிறது. 34, 36 என்ற எண் பட்டியைக் குறிக்கிறது. அதன் பின்வரும் எழுத்து, அந்தப் பட்டியோடு ஒப்பிடும்போது மார்பின் முழுச்சுற்றளவு எவ்வளவு கூடுதல் என்பதைக் காட்டுகிறது. ஆகையால் சி என்ற எழுத்துக்கு மட்டும் தனியே ஒரு கொள்ளளவு கிடையாது. 32டி, 34சி, 36பி ஆகிய மூன்றின் கப்பும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு உடையவை. 36பி பிராவின் பட்டியை 2 அங்குலம் குறைத்தால் கையில் இருப்பது 34பி அன்று, கிட்டத்தட்ட 34சி. எனவே 36பி-யில் கப் சரியாக இருந்து பட்டி மட்டும் தளர்வாக இருப்பவர் கடையில் 34பி கேட்டால் கப் சிறிதாகத்தான் வரும்; அவர் கேட்க வேண்டியது 34சி. பட்டியும் கப்பும் சேர்ந்தே பெரிதாக இருப்பவருக்கு வீட்டில் பட்டியைப் பிடித்துத் தைத்துக் குறைப்பது பாதித் தீர்வுதான் என்பதும், அவர் புதிய அளவுக்குப் போவதே நல்லது என்பதும் இதே கணக்கிலிருந்து தெரிகின்றன.

தளர்ந்த பட்டிதான் வீட்டில் திருத்துவதற்கு மிகவும் ஏற்ற குறை. பலனும் அதில்தான் மிகுதி, ஏனெனில் மார்பின் எடையைப் பெருமளவு தாங்குவது பட்டிதான். தோளில் கிடக்கும் ஸ்ட்ராப் அதற்குத் துணை மட்டுமே. பட்டி முதுகில் மேலேறி வில்போல வளைந்து நின்றால், முன்பக்கம் அதற்கு ஈடாகக் கீழிறங்கிவிடும். புதிய பிராவை மிகத் தளர்ந்த கொக்கி வரிசையில் மாட்டும்போதே அது உடலைப் பிடித்து நிற்க வேண்டும். மற்ற வரிசைகள், எலாஸ்டிக் நாளடைவில் தளரும்போது இறுக்கிக்கொள்வதற்காக இருப்பவை. வாங்கிய அன்றே மிக இறுக்கமான உள்வரிசையில் மாட்டினால்தான் நிற்கிறது என்றால் அது தவறான அளவு. விலைச்சீட்டைப் பிரிக்காமல் மாற்றிக்கொள்வதே முறை. நெடுநாள் உடுத்திய பிறகு உள்வரிசையும் தளர்ந்துபோனால்தான் திருத்துவதா வேண்டாமா என்ற கேள்வியே எழுகிறது.

அதற்கு விடை எலாஸ்டிக்கிடம் இருக்கிறது. முதுகுப்பக்கத் துணியை இரு கைகளாலும் இழுத்துவிடுங்கள். விட்டவுடன் பழைய நீளத்துக்குச் சுருங்கினால் எலாஸ்டிக்கில் இன்னும் உயிர் இருக்கிறது. இழுத்த இடத்தில் அலைஅலையாக நின்றுவிட்டாலோ, விளிம்பில் மெல்லிய வெள்ளை ரப்பர் இழைகள் முடிபோலத் துருத்திக்கொண்டிருந்தாலோ அது செத்துவிட்டது. செத்த எலாஸ்டிக்கை மடித்துப் பிடிப்பதில் பயனில்லை. பிடித்த கொஞ்ச நாளில் எஞ்சிய பகுதியும் நீண்டுகொடுத்துவிடும்.

உயிருள்ள எலாஸ்டிக்கைப் பிடிக்க இரண்டு இடங்கள் உண்டு: அக்குளுக்குக் கீழே கப்பும் முதுகுத்துணியும் சேரும் பக்கத் தையல் ஒன்று, நடுமுதுகில் கொக்கி இருக்கும் நுனி மற்றொன்று. பக்கத்தில் பிடிப்பது எளிது. எதையும் வெட்ட வேண்டியதில்லை; மனத்துக்கு ஒத்துவராவிட்டால் தையலைப் பிரித்துப் பழையபடி ஆக்கிவிடலாம். இரு பக்கமும் 1 செ.மீ. ஆழத்துக்கு ஒரு மடிப்பு எடுத்தால் பக்கத்துக்கு 2 செ.மீ. வீதம் மொத்தம் 4 செ.மீ. குறைகிறது, இது ஒரு முழுப் பட்டி அளவான 2 அங்குலத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் மேலும் கீழும் ஓடும் எலாஸ்டிக்குகள் மடிந்த இடத்தில் தடித்து, கை வந்து உரசும் இடத்திலேயே முண்டாக நிற்கும். மெல்லிய எலாஸ்டிக் என்றால் அது தெரியாது. அகலமான, கனத்த எலாஸ்டிக் என்றால் மாலைக்குள் தோலில் தடம் பதித்துவிடும். பக்கத் தையலுக்குள் பிளாஸ்டிக் குச்சி செருகியிருக்கும் பிராக்களில் அந்தத் தையலின்மேல் மடிக்கவே இயலாது.

கொக்கி நுனியில் பிடிப்பது கூடுதல் வேலை. ஆனால் முடித்த பிறகு அது திருத்திய பிரா என்றே தெரியாது. கொக்கித் துண்டையும் வளையத் துண்டையும் நெருக்கமான ஜிக்ஜாக் தையல் பிடித்திருக்கும். தையல் பிரிப்பானின் கூர்முனையால் அதைக் கண்ணி கண்ணியாக அறுத்துத் துண்டைக் கழற்ற வேண்டும்; பொறுமையிழந்து இழுத்தால் துண்டு கிழியும். அந்தத் துண்டு வாய்போலத் திறந்து முதுகுத்துணியின் நுனியைத் தன்னுள் கவ்வியிருப்பதைக் கழற்றியதும் காணலாம். புதிய நுனியையும் அதே வாய்க்குள்தான் செருகப்போகிறோம். இரு பக்கமும் சம அளவு வெட்டியதும் ஒரு சிறு சிக்கல் வரும். முதுகுத்துணி கப்பை நோக்கிப் போகப்போக அகலமாகும் என்பதால், புதிய நுனி கொக்கித் துண்டைவிட உயரமாக இருக்கும். சில மில்லிமீட்டர் வேறுபாடு என்றால் எலாஸ்டிக்குகளுக்கு இடையிலுள்ள துணியைச் சற்றுச் சுருக்கி வாய்க்குள் அடக்கிவிடலாம். அதற்கு மேல் போனால், இரண்டு கொக்கி உள்ள துண்டுக்குப் பதிலாக மூன்று கொக்கி உள்ள துண்டைத் தனியே வாங்கித் தைப்பதே நேர்த்தி. தையல் பொருள்கள் விற்கும் கடைகளில் இத்துண்டுகள் சோடியாகவே கிடைக்கும்.

இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்னைக் கேட்டால், ஸ்ட்ராப் எங்கே விழுகிறது என்பதை வைத்து முடிவுசெய்யச் சொல்வேன். ஸ்ட்ராப்பின் பின்முனை முதுகுத்துணியோடு தைக்கப்பட்டிருப்பதால், நடுமுதுகில் வெட்டும்போது இரண்டு ஸ்ட்ராப்களும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஸ்ட்ராப் தோளிலிருந்து வழுவிக்கொண்டே இருப்பவருக்கு இது ஒரே வேலையில் இரட்டைப் பலன். ஏற்கெனவே ஸ்ட்ராப் கழுத்தோரம் வெட்டிக்கொண்டிருப்பவருக்கோ அது கேடு. பக்கத்தில் பிடித்தால் பின்னால் ஸ்ட்ராப்களின் இடைவெளி மாறாது என்பதால் அவருக்கு அதுவே ஏற்றது. எந்த இடமானாலும் மொத்தம் 2 அங்குலத்துக்கு மேல் குறைக்கக்கூடாது. முதுகுத்துணி குட்டையாகும் அளவுக்கு இழுவை கப்பின்மேல் ஏறும். கம்பி இரு பக்கமும் விரிந்து கப்பின் ஆழம் குறைந்து, சரியாக இருந்த கப்பும் பிழையாகிவிடும்.

வெட்டுவதற்கு முன்னால் எடுத்த அளவை ஊக்கு குத்தி அரைநாள் உடுத்திப் பார்ப்பது அவசியம். கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் போதாது. உட்கார்ந்து, சாப்பிட்டு, கையை உயர்த்தி வேலை செய்த பிறகுதான் இறுக்கம் எப்படி என்பது தெரியும். பிராவைத் துவைத்து உலர்த்திய பிறகே அளவு எடுக்க வேண்டும். உடுத்தி அவிழ்த்த உடனே எலாஸ்டிக் சற்று நீண்டிருக்கும்.

மெஷின் இல்லாதவர் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை. பிடித்துத் தைக்கும் இரண்டு இடங்களிலும் தையல் மேலிருந்து கீழாக ஓடுகிறது. துணி நீள்வதோ குறுக்குவாட்டில். ஆகவே தையல் நீட்சிக்கு உள்ளாவதில்லை, பாலியெஸ்டர் நூலால், ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி, நெருக்கமாகப் போட்ட பின்தையலே தாங்கும். பருத்தி நூல் வேண்டாம். வியர்வையிலும் துவைப்பிலும் அது விரைவில் இற்றுப்போகும். விளிம்பு எலாஸ்டிக்கையே மாற்றுவது வேறு கதை. அங்கே தையல் எலாஸ்டிக்கின் நீளவாக்கில் ஓடுவதால், நேர்த்தையல் போட்டால் முதல் முறை உடுத்தும்போதே படபடவென்று அறுந்துவிடும். மெஷினும், நீளும் துணிக்குரிய 75 எண் ஊசியும், ஜிக்ஜாக் தையலும் இல்லாமல் அதில் இறங்கக்கூடாது. புதிய எலாஸ்டிக்கைத் துணியைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குட்டையாக வெட்டி, மென்மையான பக்கம் தோலில் படும்படி, சீராக இழுத்துப் பிடித்தபடி தைக்க வேண்டும். எலாஸ்டிக்கோடு வலைத்துணியும் செத்துப்போயிருந்தால், பழைய முதுகுத்துணியை மாதிரியாக வைத்துப் பவர்நெட் எனப்படும் நீளும் வலைத்துணியில் புதிய துண்டு வெட்டிச் சேர்க்கலாம். கப் மிகவும் பிடித்துப்போய், அந்த மாதிரி இப்போது விற்பனையில் இல்லை என்றால் மட்டுமே இவ்வளவு உழைப்பு தகும். மற்றபடி வாங்கிவிடுவதே மிச்சம்.

பட்டி இறுக்கமாக இருக்கும் பிராவுக்குத் தையலைவிட எக்ஸ்டெண்டர் எனப்படும் கொக்கி நீட்டிப்பையே நான் முன்வைப்பேன். பிராவின் கொக்கிக்கும் வளையத்துக்கும் இடையில் அதை மாட்டிவிட்டால் 1 முதல் 3 அங்குலம் வரை நீளம் கூடும். கொக்கிகளின் எண்ணிக்கை மட்டுமல்லாமல் அவற்றுக்கிடையே உள்ள தூரமும் பிராவோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒவ்வாத நீட்டிப்பு முதுகில் கோணலாக நிற்கும். கர்ப்ப காலத்தில் விலா விரிவதுபோன்ற தற்காலிக மாற்றங்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை, ஏனெனில் தேவை முடிந்ததும் கழற்றிவிடலாம். இதன் குறை, ஸ்ட்ராப்கள் முதுகில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நழுவத் தொடங்குவது. 2 அங்குலத்துக்கு மேல் நிரந்தரமாகத் தேவைப்படுகிறது என்றால் பெரிய பட்டிக்கு மாறுவதே சரி. அப்போதும் எழுத்தை ஒன்று குறைத்துக் கேட்க வேண்டும். புதிய பிரா கொஞ்சம் இறுக்கினால் அவசரப்பட வேண்டாம், சில முறை உடுத்தித் துவைத்ததும் அது தானாகவே இளகும்.

ஸ்ட்ராப் வேலைகள் எல்லாமே சுலபம். முழுவதும் குறுக்கியும் நீளமாகவே இருந்தால் பின்முனையைப் பிரித்து வெட்டித் தைக்கலாம். எலாஸ்டிக் இளகியிருந்தால் அதே அகலத்தில் புதிய நாடா வாங்கி, பழைய வளையத்தையும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சறுக்கியையும் அதில் கோத்துக்கொள்ளலாம். நழுவும் ஸ்ட்ராப்புக்கு முதுகில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் கைவசம் உள்ள எளிய வழி என்றாலும், அது கழுத்துப் பக்கம் பாரத்தை ஏற்றும். நாள்முழுதும் உடுத்துவதற்குப் பின்முனையைப் பிரித்து 1 அல்லது 2 செ.மீ. உள்ளே தள்ளித் தைப்பதே மேல். பட்டி தளர்ந்திருக்கும்போது அதற்கு ஈடாக ஸ்ட்ராப்பை இழுத்துக் குறுக்குவது மட்டும் கூடாது. தோளில் பள்ளம் விழுவதும் முதுகுப்பட்டி மேலும் ஏறுவதும்தான் மிச்சம்.

கப்புக்கு வருவோம். துண்டுகளை இணைத்துத் தைத்த கப், அச்சில் வார்த்த ஸ்பாஞ்ச் கப் என்ற வேறுபாட்டை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். தைத்த கப்பின் மேல்விளிம்பில் மட்டும் சற்று இடைவெளி இருந்தால், அங்கே வந்து முடியும் தையலை விளிம்பில் அரை செ.மீ. உள்ளே பிடித்து, கப்பின் உச்சியை நெருங்கும்போது பழைய தையலோடு கலந்துவிடும்படி சரித்துக் கொண்டுவரலாம். மேல்பகுதி லேஸ் என்றால் விளிம்பின் உட்புறம் மெல்லிய எலாஸ்டிக்கை லேசாக இழுத்துத் தைத்தாலே போதும். நான் முன்னே சொன்ன விதிவிலக்குகளில் இது ஒன்று. ஸ்பாஞ்ச் கப்பில் இது நடக்காது. ஸ்பாஞ்சை மடித்தால் தடிக்கும், ஆப்புபோல வெட்டி விளிம்புகளைச் சேர்த்துத் தைத்தால் அந்தக் கோடு மேலாடைக்கு வெளியே தெரியும். சிறிய கப்பைப் பெரிதாக்குவது எந்த வகையிலும் வேண்டாம். துணியைச் சேர்த்துக் கொள்ளளவைக் கூட்டினாலும், அடியிலுள்ள கம்பியின் விட்டம் பழைய அளவிலேயே நின்று மார்பின் பக்கவாட்டில் அழுத்தும்.

இரு மார்பும் அளவில் வேறுபடுவது மிக இயல்பானது. அதற்காகப் பெரிய பக்கத்துக்குப் பொருந்தும் கப்பை வாங்கி, சிறிய பக்கத்தில் மெல்லிய திண்டு ஒன்றைக் கப்பின் அடியிலோ வெளிப்பக்கத்திலோ வைப்பதுதான் வழக்கம். கழற்றும் திண்டுகளோடு வரும் பிரா என்றால் பெரிய பக்கத்துத் திண்டை மட்டும் எடுத்துவிட்டாலே சமமாகிவிடும். மார்பக அறுவைக்குப் பிறகு செயற்கை மார்பகம் வைத்துக்கொள்பவர்கள், தங்களிடம் உள்ள பிராவிலேயே பை ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது விதிவிலக்கு. மென்மையான பின்னல் பருத்தித் துணியைக் கப்பின் வடிவத்தில் வெட்டி, அக்குள் பக்கம் திறப்பு விட்டு, கப்பின் உட்துணியிலும் தையல் ஓரங்களிலும் மட்டும் ஊசி ஏறும்படி கையால் தைக்க வேண்டும். காயம் ஆறி மருத்துவர் ஒப்புக்கொள்ளும்வரை கம்பி வைத்த பிராவைத் தவிர்ப்பது நல்லது.

கம்பி வெளியே குத்துகிறது என்றால், அதை உள்ளே தள்ளிவிட்டு, குழாய்போன்ற அந்த உறையின் வாயை நெருக்கமாகத் தைத்து, மேலே ஒரு சிறு துணி ஒட்டுப் போட்டால் சில மாதம் ஓடும். அதே இடத்தில் மீண்டும் குத்தினால் உறை நைந்துவிட்டது, அல்லது கப் சிறியதாகி கம்பி வளைக்கப்படுகிறது. கம்பியை வெட்டிக் குட்டையாக்குவது ஆபத்தான குறுக்குவழி. நுனியில் இருக்கும் பூச்சு போனதும் கூரான உலோகம் எந்தத் தையலையும் துளைத்துவிடும். வீட்டில் உடுத்துவதற்கு இரு பக்கக் கம்பியையும் உருவிவிடலாம், ஆனால் தாங்குதல் கணிசமாகக் குறையும்.

ஒரே பிராவில் இரண்டு மூன்று குறைகள் இருந்தால் பட்டியிலிருந்தே தொடங்க வேண்டும். பட்டி இறுகியதும் முன்பக்கம் உயர்ந்து, அதுவரை குட்டையாகத் தோன்றிய ஸ்ட்ராப் போதுமான நீளமாகிவிடுவதுண்டு. ஸ்ட்ராப்பைச் சரிப்படுத்தியதும் கப்பின் மேல்விளிம்பு படிந்து, பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சாமல் போவதுமுண்டு. ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் உடுத்திப் பார்த்துவிட்டு அடுத்த தையலைப் பிரிக்கலாம்.